கடிவாளம் கழற்றிப் பத்து நாள்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து எனக்குக் கிடைத்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அதனால் முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

மலைநாட்டு நரின் நகரத்துப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில், வெளி பெஞ்சில், கடைவாய்ப்பல் வலியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. அவர் மனைவி மடியிலிருந்த கைக்குட்டையைப் பிரித்து, வாசலுக்கு வந்த டாக்டரிடம் காட்டினாள். உள்ளே கீழ்வரிசைப் பல்செட். ஒரு பக்கம் எலி கொறித்த மாதிரி இருந்தது.

"குதிரைக்குப் பல்லு ராவுற அரத்தால ராவிட்டாரும்மா," என்றாள்.

பெஞ்சே சிரித்தது. நானும் வலியை மறந்து சிரித்தேன். வாசலில் நின்ற டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"புண்ணு எத்தன நாளா?"

"அஞ்சு வாரமா."

அதற்கு மேல் நான் கண்டதும் கேட்டதும் கொஞ்சம். மற்றதெல்லாம் நான் இட்டு நிரப்பியது. பெயர்களும் நான் வைத்தவைதான். அவர் எசென்குல், மனைவி ஜிபார், டாக்டர் சினாரா.

2

முதல் தொடக்கம்: "ஞாயிற்றுக்கிழமை, அட்பாஷிச் சந்தையில் பனி விலகுவதற்கு முன்பே..." [வேண்டாம். பனியில் தொடங்கிய என் கதைகளை அடுக்கினால் ஒரு மலை தேறும்.]

இரண்டாவது: "ஜிபாருக்குத் தன் புருஷனின் வாயைப் பற்றி" [இவளைப் பிறகு கூப்பிடுகிறேன். இப்போதே வந்தால் வேறு யாரையும் பேச விடமாட்டாள்.]

மூன்றாவது இருக்கட்டும். எசென்குல் குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்பவர். சந்தையில் வாங்க வருகிறவன் அவரைத்தான் முதலில் தேடுவான். விற்க வருகிறவன் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். விற்கிறவன் ஏழு வயது என்ற குதிரையை அவர் பதினொன்று என்றால் பதினொன்றுதான். அப்பீல் கிடையாது.

அப்பேர்ப்பட்டவருக்குப் பல் கொட்டிப்போய், போன இலையுதிர் காலத்தில் புதுசாகப் பல்செட் வந்தது. மேல்வரிசை சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. கீழ்வரிசை மருமகளைப் போல ஒட்டவே இல்லை.* எச்சில் ஊறியது, பேசினால் கடகடவென்றது. செட் செய்து கொடுத்தவர் சொல்லித்தான் அனுப்பினார்: பழக நாளாகும், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள், எங்காவது புண்பட்டால் நீங்களாக எதுவும் செய்யாமல் என்னிடம் வாருங்கள். எசென்குல் தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்த ஞாயிறே சந்தையில் மாட்டிக்கொண்டார். குதிரைத் தரகன் கல்மாத்துக்கு அவர்மேல் பழைய கடுப்பு.

"அண்ணே, கொஞ்சம் வாயத் தெறங்க, பயலுவ வயசு பாக்கட்டும். அடடா! பால்பல்லு விழுந்து புதுப்பல்லு மொளச்சிருக்கே! மூணு வயசுக் குட்டிடா இது. இன்னும் முதுவுல சேணமே ஏறிருக்காது!"

சந்தை விழுந்து விழுந்து சிரித்தது. எசென்குலும் சிரித்தார், உதட்டை மூடிக்கொண்டு. அன்றைக்கு மூடிய வாய்தான்.

(* மருமகள்கள் மன்னிக்கவும். அந்த உவமை ஜிபாருடையது. அவளுக்கு மூன்று மருமகள்கள்.)

3

இங்கே என் கதாபாத்திரத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வந்தது. நாற்பது வருஷம் பல்லோடு புழங்கிய மனிதர் பல்செட்டை அரத்தால் ராவுவாரா? இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். பிறகு ஒரு குதிரைக்காரர் சொல்லி விளங்கியது. குதிரையின் பல் ஆயுசு முழுக்க மேலே வந்துகொண்டே இருக்கும். கூர் ஏறிக் கன்னத்தைக் கிழித்தால் ராவி விடுவார்கள். ஒரு இழுப்பு கூடிப்போனாலும் புல் தின்னத் தின்னச் சரியாகிவிடும். தப்புச் செய்தாலும் மன்னிக்கப்பட்டே பழகிய கை அவருடையது. பல்செட் மன்னிக்காது.

கீழே இடப்பக்கம் குத்தியது. முப்பது வருஷமாக நாஸ் அடக்குகிற இடம் அது. நாஸ் என்றால் பச்சைப் புகையிலைத் தூள். அவர் பையில் பல் இல்லாத நாள் உண்டு, நாஸ் டப்பி இல்லாத நாள் இல்லை. குத்திய இடத்தை ராவினார். செட் ஆடி வேறு இடம் உரசியது. அதையும் ராவினார். தேநீரில் ரொட்டியை ஊறவைத்து விழுங்கினார். அக்கம்பக்கத்து விருந்தில் பெரியவர் என்று மரியாதைக்கு, அறுத்துப் பங்கிட, ஆட்டுத் தலையை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் கத்தியைத் தொடாமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். ஜிபார் பார்த்துவிட்டாள். [இப்போது வரலாம் நீ.]

"கெழவரே, என்ன நடக்குது அந்த வாய்க்குள்ள?"

"ஒண்ணுமில்ல. பல்லு உரசுது."

"மூணு வாரமாவா உரசுது? எங்க, காட்டுங்க."

"போடி. குதிர என்ன, வலிக்குதுன்னு வாய்விட்டா சொல்லுது?"

"சொல்லாது. அதான் நீங்க போயித் தெறந்து பாக்கறீங்க. உங்களத் தெறந்து பாக்க யாரு இருக்கா?"

 அன்று ராத்திரி அவர் கழற்றிய கீழ்வரிசையைக் காலையில் போடவில்லை. பத்து நாள் அது தண்ணீரிலேயே கிடந்தது. உரசல்கள் எல்லாம் ஆறின. நாஸ் அடக்குகிற இடத்துப் புண் மட்டும் ஆறவில்லை. வலியும் பெரிதாக இல்லை. நாக்கு மட்டும் அங்கேயே போய் நின்றது.

4

இனி எழுதப்போவதை நான் யோசித்து எழுதவில்லை. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

பத்தாம் நாள் காலை பக்கத்து வீட்டுக்காரன் தன் பெட்டைக்குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதன் வாயில் ஒரு புண்.

"கடிவாளம் ஒரசினதுண்ணே. கழட்டிப் பத்து நாளாச்சு, இன்னும் ஆறல."

எசென்குல் பார்த்தார். நாற்பது வருஷமாகச் சொல்லி வந்ததையே சொன்னார்.

"கடிவாளத்த எடுத்தும் ஆறலன்னா அது கடிவாளப் புண்ணு இல்லப்பா. நம்ம வேலையும் இல்ல. வைத்தியரக் கூப்பிடு. நாளைக்குப் பாக்கலாம்னு விட்டுறாத, இன்னிக்கே கூப்பிடு."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலும் அது விழுந்தது.

ஒரு மனிதன் தன் வாயாலேயே தன் நோய்க்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, குதிரையின் கழுத்தில் கை வைத்தபடி நிற்பதை நினைத்துப் பாருங்கள். இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. எனக்கு அவரைப் பார்த்து மலைப்பாக இருந்தது. அவர் வாயிலும் புண் இருப்பது பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாது. கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டுப் போயிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அவர் வீட்டுக்குள் போனார். "கெளம்பு," என்றார்.

"எங்க?"

"நரினுக்கு."

ஜிபாரிடம் அவரைக் குத்திக்காட்ட மூன்று வாரத்துக்குச் சேர்த்துவைத்த வசவு இருந்தது. ஒன்றைக்கூட எடுக்கவில்லை. கைக்குட்டையைத் தேடினாள்.

5

முடிவு ஒன்று: "ஒண்ணுமில்ல அய்யா, நீங்க ராவின முனைதான் குத்திருக்கு," என்று சினாரா [இது ஆகாது. செட்டைக் கழற்றித்தான் பத்து நாள் ஆகிவிட்டதே. ஆசையில் எழுதிவிட்டேன்.]

முடிவு இரண்டு: [எழுதினேன். கிழித்துவிட்டேன். கேட்காதீர்கள்.]

இனி என் கண்ணால் கண்டது. கதவு ஒருக்களித்திருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"வாயத் தெறங்க அய்யா," என்றாள் சினாரா.

திறக்கவில்லை. பிடிவாதம் இல்லை அது. அவர் முயல்கிறார், தாடை கேட்கவில்லை. கண்ணோரம் நனைந்துவிட்டது. ஜிபார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை இப்போது.

அப்புறம் அவரே, உதடு பிரிந்தும் பிரியாமலும் பேசினார்.

"தாயி, குதிர தெறக்கலன்னா அதட்டக் கூடாது. கடவாயோரத்துல பல்லே இல்லாத எடம் ஒண்ணு இருக்கும். அங்க கட்டவெரல வச்சிட்டுச் சும்மா நில்லு. அதுவே தெறக்கும்."

படித்த பெண் அவள். அவர் சொன்னபடியே செய்தாள். உறை போட்ட கட்டைவிரலை அவர் கடைவாயில் வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. 

திறந்தது.

விளக்கை இழுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாத்து மட்டும் சொல்ல முடியாது அய்யா. புண்ணுலேருந்து சின்னதா ஒரு துணுக்கு எடுத்து, சோதனைக்குத் தலைநகரம் பிஷ்கேக்குக்கு அனுப்பணும். பத்து நாள்ல தெரிஞ்சிரும். அதுவரைக்கும் நாஸ் வேணாம், அரமும் வேணாம்."

"சரி தாயி. ஒண்ணு மட்டும். தெரிஞ்சதும் தரகன் மாதிரிக் கொறச்சுச் சொல்லாத. பதினொண்ணுன்னா பதினொண்ணுன்னே சொல்லு."

"சொல்றேன்."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். என் பல்லைப் பிடுங்கினார்கள். அவருக்கு என்ன வந்தது என்று சினாராவிடம் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை. வாசகரே, முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நல்லதாகவே எழுதுங்கள், எனக்கும் அதுதான் ஆசை. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அவர் ஐந்தாவது வாரம் வந்தார். ஐந்தாவது மாதம் வரவில்லை. அந்த ஒரு வரி என் கற்பனை இல்லை, அவர் செய்தது.