பதிமூன்றில் இருக்கிறவள்

காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் மகள் வைத்த காகிதத்தை ஹோரஸ் டில்மன் தொடவில்லை. முட்டையைத் தின்று முடித்தார். வாயைத் துடைத்தார். காலித் தட்டை அந்தக் காகிதத்தின் மேலேயே நகர்த்தி வைத்தார்.

"என் பேரு போட்ட காகிதம் எதுவும் அந்தக் கோர்ட்டுக்குள்ள போகாது."

"ஒரே ஒரு கையெழுத்துப்பா," என்றாள் ரெனெட்டா.

"எழுபத்தாறு வயசு வரைக்கும் போகல. இனிமேலும் போகாது."

காகிதத்தில் இருந்தது மூன்றே வரி. என் மகள் வேறு போக்கிடம் இல்லாமல் என் வீட்டில் இருக்கிறாள். நான் வாடகை வாங்குவதில்லை. சாப்பாட்டுச் செலவும் என் பென்ஷனில்தான். மூன்று வரியும் உண்மை. அதுதான் அவருக்குச் சங்கடம். சர்ச் சபையில் மூன்று வருஷமாக அவர் சொல்லி வந்தது வேறு. கண் மங்கிவிட்டது, வண்டி ஓட்ட முடியவில்லை, என்னைப் பார்த்துக்கொள்ள மகள் வந்திருக்கிறாள் என்பது அவர் கதை. பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சபைப் பெண்கள் ரெனெட்டாவின் கையைப் பிடித்துச் சொல்வார்கள். அவள் தரையைப் பார்ப்பாள்.

கடனில் மூழ்கித் திவால் கோர்ட்டுக்குப் போனவர்களைப் பற்றி மெம்பிஸ் நகரில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. "பதிமூணுல இருக்கா" என்பார்கள், குரலைத் தாழ்த்தி. சட்டத்தின் பதிமூன்றாம் அத்தியாயம். அதில் விழுந்தவர் ஐந்து வருஷம், கோர்ட் வைத்த டிரஸ்டியிடம் மாதாமாதம் கடனைக் கட்டி முடிக்க வேண்டும்; கோர்ட்டைக் கேட்காமல் புதுக் கடன் வாங்கக் கூடாது. நாற்பது வருஷம் தபால்காரராக இருந்த ஹோரஸுக்கு எந்தெந்த வீட்டுக்கு அந்தக் கோர்ட்டின் உறை வரும் என்பது தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த வீடுகளின் படியேறும்போதெல்லாம், நான் இவர்களைப் போல இல்லை என்று மனசு நிமிர்ந்துகொள்ளும். ரெனெட்டாவின் ஆஸ்பத்திரி பில்லும் ஓடிப்போன அவள் புருஷனுமாகச் சேர்ந்து, அந்த உறையை அவர் வீட்டுக்கே கொண்டுவந்தன.

ரெனெட்டாவுக்குப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்கிற வேலை. கடனில் வாங்கிய அவள் வண்டிக்கு ரிவர்ஸ் கியர் செத்து இரண்டு மாதம். கியர்பாக்ஸை மாற்றுகிற செலவுக்கு அந்த வண்டியே பெறாது என்றான் மெக்கானிக். வண்டியைக் கடன்காரக் கம்பெனியிடமே ஒப்படைத்துவிட்டு வேறொன்று வாங்கக் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம் என்றார் வக்கீல். ஆனால் வீட்டுச் செலவு முழுவதையும் காட்டியாக வேண்டும். வீடு அப்பாவுடையது என்பதால் அப்பாவே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சபை மைதானத்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் மூத்த டீக்கன் லெமுவேல் கெய்தர். வெள்ளைக் கையுறை, தலையில் சாய்த்து வைத்த தொப்பி. வழக்கமாக ரெனெட்டா வெளிவாசலைப் பார்த்தபடி புல்லில் நிறுத்துவாள். அன்று கெய்தர் விடவில்லை. வண்டியின் மூக்கு சுவரைத் தொடுகிற மாதிரி நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். பின்னால் நாலு வண்டி. அவள் நிறுத்தினாள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். ரெனெட்டா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஹோரஸ் யாரிடமோ வானிலை பேசிக்கொண்டு நின்றார். வண்டி பின்னால் போகாது என்பது எப்படியோ தெரிந்துபோய், கோட் சூட் போட்ட நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள்.

"என்னம்மா, வண்டியா இல்ல கோவேறு கழுதையா?" என்று கெய்தர் சிரித்தார். "நாளைக்கே தள்ளிவிட்டுட்டு வேற எடுக்க வேண்டியதுதானே. யாரு தடுத்தா?"

ரெனெட்டா அப்பாவைப் பார்த்தாள்.

"அவளுக்கு அந்த வண்டி மேல ஒரு பிரியம், பிரதர்," என்றார் ஹோரஸ். "விட மாட்டேங்கிறா."

வீடு சேர்ந்ததும் தன் அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வைத்தாள். அவர் கதவருகில் வந்து நின்றார்.

"நான் போற வீடெல்லாம் முட்டுச் சந்துலப்பா, உள்ள போனா வண்டி வெளிய வராது. ரெண்டு பேஷன்ட் ஏற்கெனவே கைவிட்டுப் போயாச்சு. வேலை போனா மாசத் தவணை நின்னுடும், கேஸைத் தள்ளுபடி பண்ணிடுவாங்க, மூணு வருஷம் கட்டினது தண்ணியில போன மாதிரி." ஒரு சட்டையை மடித்தாள். "நான் உங்க வீட்ல இல்லன்னா உங்க பேரு தேவையில்ல. வக்கீலைக் கேட்டுட்டேன்."

"எங்க இருப்ப?"

"வண்டியில."

குரலில் கோபம் இல்லை. அவள் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டே சொன்னாள். பதிமூணில் இருக்கிற மகளை மறைக்கலாம். வண்டியில் தூங்குகிற மகளை எந்தக் கதை சொல்லி மறைப்பது? அப்படித்தான் முதலில் நினைத்தார். அப்படி நினைத்ததற்காக, கதவருகிலேயே, தன்னை நினைத்து வெட்கப்பட்டார்.

திங்கட்கிழமை காலை வக்கீல் ஆபீஸ் வாசலில் அவரை இறக்கிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். முன்னறையில் ஏழெட்டுப் பேர். மூலை நாற்காலியில், மடியிலிருந்த ஒரு கற்றைக் காகிதத்தைத் தொப்பியால் மூடியபடி லெமுவேல் கெய்தர்.

இருவரும் ஒரு நிமிஷம் எதிர்ச் சுவரையே பார்த்தார்கள்.

"உயில் எழுத வந்தீங்களா, பிரதர்?" என்றார் கெய்தர். தனக்கும் சேர்த்துத்தான் ஒரு வழி திறந்து வைத்தார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும்.

"இல்ல," என்றார் ஹோரஸ், அறைக்கே கேட்கும்படி. "என் மக பதிமூணுல இருக்கா. போக இடமில்லாம என் வீட்ல இருக்கா. அதை எழுதிக் கையெழுத்துப் போட வந்தேன்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அறையில் அது செய்தியே இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் திரும்பியபோது கெய்தர் இன்னும் அங்கேயே இருந்தார். குனிந்து தன் ஷூவிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

"எனக்கு நாலாவது வருஷம். வீட்டுக்காரிக்குத் தெரியாது." பிறகு ஹோரஸின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "பின்வாசல் ஒண்ணு இருக்கு, பிரதர். நான் எப்பவும் அப்படித்தான் போவேன். முன்னாடி நம்ம சபை ஆளுங்க நடமாட்டம் இருக்கும்."

ஹோரஸ் அந்தக் கையை மெல்ல எடுத்து, அவர் மடியிலேயே வைத்தார்.

"நான் முன்வாசல்லதான் வந்தேன், லெமுவேல்," என்று சொல்லிவிட்டு அதே வாசலை நோக்கி நடந்தார்.