துளசிமணியின் நீலப் பாட்டில்

வெள்ளகோவிலிலிருந்து பிறந்த வீட்டுக் கோடியோடு வந்திருந்த மாசாணம், பெண்கள் அந்தப் புதுச்சேலையைத் இறந்துபோன தங்கச்சி துளசிமணிக்குக் கட்டி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து செண்ட் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். ஊற்றப் போன கையை லோகப்பிரியா பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாமுங்க மாமா. அம்மாவுக்கு இந்த வாசம் ஆகாதுங்க. எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தாலே தலவலின்னு படுத்துக்கும்.”

“இனி என்ன தலவலி கண்ணு” என்றார் மாசாணம். சொன்னதும் துண்டால் கண்ணைத் துடைத்தார். மூடியைத் திருகிப் பாட்டிலை மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

லோகப்பிரியா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தூக்கி வந்து அப்பா நஞ்சுண்டனின் முன்னால் வைத்தாள். கூடை நிறைய வாசனைப் பாட்டில்கள்.

“அப்பா, தெனமும் ஒண்ணப் போட்டுட்டு அம்மா உங்ககிட்டத்தானுங் காட்டும். அதுக்கு ரொம்பப் புடிச்சது எதுங்ப்பா? அதையே போட்டு அனுப்பலாம்.”

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். நஞ்சுண்டனுக்கு வியர்த்துவிட்டது. அவர் மூக்கு செத்து நாலு வருஷம் ஆகிறது. அது அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கொரோனாவில் போனது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசம் மட்டும் திரும்பவில்லை. துளசிமணி, அது திரும்பினால் விளக்குப் போடுவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஒருவேளைச் சாப்பாட்டோடு நின்றுவிட்டாள். அவள் கன்னம் ஒட்டிப்போவதைப் பார்க்க முடியாமல் ஒரு நாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அட, பெருங்காயந் தூக்கலா இருக்குதே” என்று ஒரு போடு போட்டார். அன்றைக்கே ஓடிப்போய் விளக்குப் போட்டு வந்தாள். விளக்குப் போட்ட பிறகு போய் இல்லையென்று எப்படிச் சொல்வது? லேத் பட்டறையில் நூலளவு பிசகினாலும் இரும்பைத் தூக்கிப் போட்டுவிடுகிற மனுஷர், வீட்டில் இந்தப் பொய்யை அப்படியே ஓட்டினார்.

அவர் நேரம், ஆர்.எஸ்.புரத்தில் பெண்களுக்கான வாசனைத் திரவியக் கடையில் லோகப்பிரியாவுக்கு வேலை கிடைத்தது. வருகிறவர்கள் அடித்துப் பார்க்க வெளியே வைத்திருக்கும் பாட்டில்களில் அடிமட்டமாக நிற்பதை வேலை செய்கிற பெண்களுக்கே கொடுத்துவிடுவார்கள். ஐம்பது வயது வரை பவுடரையும் மல்லிகைப்பூவையும் தாண்டாத துளசிமணிக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. காலையில் குளித்ததும் மணிக்கட்டில் ஒரு பீச்சு. நேராக வந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டுவாள்.

“எப்படீங்க?”

“நல்லாருக்குது.”

எதைப் போட்டாலும் நல்லாருக்குதுதான். முகத்தைப் பார்த்து மார்க் போடுகிற இந்தப் பரீட்சை கொஞ்ச நாள் நடந்தது. பிறகு ஏனோ கேட்பதை விட்டுவிட்டு, நீட்டிய கையோடு அவளே சொல்ல ஆரம்பித்தாள். நஞ்சுண்டனுக்குப் பிழைத்தோம் என்றிருந்தது.

அவர் கூடைக்குள் கையை விட்டார். குட்டையான ரோஸ் பாட்டில் வந்தது. “இதப் போட்டா முகூர்த்தத்துக்கு வந்தவங்களுக்குச் சந்தனங் குடுக்க நிக்கறாப்புல இருக்குதுங்க. நடக்கவே கூச்சமா இருக்குது” என்றவள் அன்று முழுக்க மெல்லத்தான் நடந்தாள்.

அடுத்தது மஞ்சள். “எலுமிச்சங்காயக் கீறி வெயில்ல வெச்சாப்புல. மத்தியானத்துக்குள்ள ஓடிப்போயிருது, நம்மூர் மழையாட்டம்.”

ஒல்லியான ஒன்று. “இது பேங்க்கு மேனேஜரம்மாங்க. இன்னைக்கு நா ஆரையும் வையமாட்டேன்.” சொன்னபடியே அன்று தக்காளிக்காரரிடம் பேரம்கூடப் பேசவில்லை.

கறுப்பு உருண்டை. “சீ, இது நல்ல குடும்பத்துக்கு ஆகாதுங்க!” அதைத்தான் தொடர்ந்தாற்போல் இரண்டு நாள் போட்டாள்.

நஞ்சுண்டனுக்கு அழுகை முட்டியது. நேற்றுச் சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள், துணியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே சாய்ந்துவிட்டாள். நேற்றுக் காலையில் எதைப் போட்டாள்? மஞ்சள் பாட்டிலென்று சொன்ன ஞாபகம். அவர் பட்டறைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். சரியாகக் கேட்கவில்லை.

கடைசியாக அந்த நீலப் பாட்டில் கையில் பட்டது. இதுதான். சந்தேகமே இல்லை. இதைப் போட்ட காலையில் இரண்டு கை, கழுத்து என்று தாராளமாக அடித்துக்கொண்டு வந்து நின்றாள். “எப்படீங்க?” என்றாள். “அருமை புள்ள. மல்லிப்பூவாட்டம்” என்று அவர் கொஞ்சம் கூடவே சொல்லிவைத்தார். துளசிமணி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, “ஆமாங்க, மல்லிப்பூவேதானுங்க” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

“இதுதாங் கண்ணு” என்று மகளிடம் நீட்டினார். “இது போட்டாத்தான் ஒங்கம்மாளுக்கு அத்தன சந்தோசம்.”

லோகப்பிரியா தன் கையில் ஒரு பீச்சு அடித்து முகர்ந்தாள். மறுபடி அடித்து முகர்ந்தாள். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள்.

“அப்பா, இது நாங் கொண்டாரும்போதே காலிங்ப்பா. சும்மா பாட்டில் அழகா இருக்குதுன்னு அம்மா கேட்டுது. வெறுந்தண்ணியப் புடிச்சு வெச்சிருக்குதுங்.”

நஞ்சுண்டன் துளசிமணியின் முகத்தைப் பார்த்தார்.

அந்தச் சிரிப்புக்கு முந்தின நாள்தான் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது. சமையலறை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அசையவே இல்லை. மாடியிலிருந்து வாசம் பிடித்து ஓடி வந்த துளசிமணி அடுப்பை அணைத்தாள். அவரைப் பார்த்தாள். பாத்திரத்தைத் தேய்க்கப் போட்டாள். மறுநாள் இந்த நீலப் பாட்டில். அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் அவள் எப்படீங்க என்று கேட்பதை விட்டது.

பொய்யை அவர் காப்பாற்றவில்லை. அவள்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

“வேற எடுக்கட்டுங்களாப்பா?”

“வேண்டாங் கண்ணு. அதையே போடு.”

“தண்ணியவா மாப்ள?” என்றார் மாசாணம்.

“ஆமாங்க மச்சான்.”

லோகப்பிரியா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவின் இரண்டு மணிக்கட்டிலும் கழுத்திலும் அடித்தாள். மிச்சத்தைக் கோடிச்சேலை மேல் அடித்துத் தீர்த்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. ஆட்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

“உங்களுக்கு வாசம் தெரியறதில்லீங்களாப்பா?”

தெரியறதில்லை என்று நஞ்சுண்டன் தலையை ஆட்டினார்.

லோகப்பிரியா குனிந்து, அம்மாவின் தோளில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். நிமிர்ந்தபோது மூக்கு நனைந்திருந்தது.

“புதுச்சேல நனைஞ்ச வாசமுங்ப்பா” என்றாள். “கஞ்சி வாசம். அதுக்கு மேல சம்பங்கி மால. கொஞ்சம் மஞ்சளுங்.”

“நல்லாருக்குது” என்றார் நஞ்சுண்டன்.