ஏவெர்ட் நின்ற இடம்

"பாட்டில நடுவுல பிடிக்காதப்பா! நடு அவளுக்கு. நீ மூடிய மட்டும் ரெண்டு விரலால பிடிச்சுத் தொங்க விடு. மாட்டுக் கயிறா இது, இந்தப் பிடி பிடிக்கிற?"

ஸ்டூரே கத்தியதும் ஊல்லே விரல்களைத் தளர்த்தினான். ஸ்டூரேவின் மகளும் இந்தச் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறாள். முறைப்படி பார்த்தால் எதிரி வீட்டுக்காரர். ஆனால் ஊல்லேயின் அப்பா ஏவெர்ட்டுக்குப் பக்கத்தில் பல கோடைகள் நின்றவர். ஏவெர்ட் நின்ற இடத்தில் அவர் மகன் நிற்பதைப் பார்க்க அவருக்கு என்னவோ செய்தது. அதனால்தான் வாய் ஓயாமல் திட்டினார்.

மலைப்பாதை காட்டிலிருந்து இறங்கி, இரண்டு கயிறுகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் சமமாக ஓடியது. சைக்கிள்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்க அந்த இடம் மட்டும்தான். காலி பாட்டிலையும் அங்கேதான் எறிய வேண்டும். கொடுப்பவர் கூடவே ஓடக் கூடாது.

ஊல்லேயின் தங்கை வெண்டெலாவுக்கு இது கடைசிப் பந்தயம். சுவீடன் கொடி போட்ட சட்டையோடு உலகம் முழுக்க ஓட்டியவள். தோள் எலும்பை இரண்டு முறை உடைத்துக்கொண்டவள். பெரிய பந்தயங்களில் அவள் நாலாவதாக வந்ததுதான் அதிகம். ஊர்க்காரர்கள் அவளுக்கு 'நாலாம் ராணி' என்று பேர் வைத்திருந்தார்கள். முப்பத்தாறு வயதில், இந்த நாட்டுச் சாம்பியன் போட்டியோடு போதும் என்று முடிவெடுத்திருந்தாள்.

காலையில் அப்பா கண் திறந்ததே பெரிய விஷயம். கூடத்து ஜன்னலோரம் கட்டில் போட்டு வசந்தத்திலிருந்தே படுத்திருந்தார். வியாழக்கிழமை வெண்டெலா வந்து பார்த்தபோது, இன்னும் சில வாரம் தாங்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நேற்று மாலையிலிருந்து மூச்சு மாறிவிட்டது. வெண்டெலாவுக்கு அது தெரியாது.

அந்த நிலையிலும் அவருக்குப் பாட்டில்தான் கவலை. லிங்கோன் என்கிற காட்டுப் பழத்தின் சாறு, சர்க்கரை, உப்பு, எல்லாவற்றையும் தன் கண் முன்னால் கலக்கச் சொன்னார். அம்மா குன்வோர் கரண்டியில் எடுத்து உதட்டை நனைத்தாள்.

"உப்பு பத்தல."

அம்மா இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"பத்தலங்கிறேன்."

மருந்து அவர் நாக்கைச் சாகடித்து வெகு நாளாகிறது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா இன்னொரு சிட்டிகை போட்டாள். நல்லா இருக்கு என்பதுபோல அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஊல்லேயைப் பார்த்தார்.

"நீ போய் நில்லு."

"நான் இங்க இருக்கேன்ப்பா. அங்க டீம் ஆளுங்க இருக்காங்க."

"அவனுங்க கை ஆடும். கைய நீட்டிட்டு அசையாம நில்லு, போதும். நீ கொடுக்கப் போகாத. அவ வந்து எடுத்துப்பா."

வயலின் வாசிப்பவனைப் போய் உழவு ஓட்டச் சொன்ன கதைதான். ஊல்லே பள்ளியில் பியானோ சொல்லித் தருபவன். சைக்கிள் என்றாலே அவனுக்குக் கசப்பு. சின்ன வயதில் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் தங்கையைப் பந்தயங்களுக்குக் கொண்டுபோன அப்பாவின் வேன்தான் தின்றது. பள்ளி முடித்தவர்கள் போடும் வெள்ளைத் தொப்பியை அவன் போட்ட நாளில்கூட அப்பா எங்கோ ஆல்ப்ஸ் மலையில் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். அன்று தொலைபேசியில் அவர் சொன்ன வாழ்த்தைவிட, பின்னால் கேட்ட டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்தான் அவனுக்கு நினைவிருக்கிறது.

இருந்தும் வந்து நின்றான்.

முதல் பாட்டிலை அவள் வாங்கியது அவனுக்கே தெரியவில்லை. விரலிலிருந்து ஏதோ நழுவியது, அவ்வளவுதான். அடுத்த சுற்றில் காலி பாட்டிலை அவன் காலடியில் எறிந்துவிட்டு, "உப்புடா! அப்பாவே கலந்தாரா?" என்று கத்தினாள். அவன் தலையாட்டினான். அவள் சிரித்துக்கொண்டே காட்டுக்குள் ஏறினாள். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள்.

"இப்ப மூணாவது இடம். ரெண்டாவது ஆளு கண்ணுக்குத் தெரியுற தூரம்தான்" என்றார் ஸ்டூரே. "என் பொண்ணு எங்கயோ பின்னால புளூபெர்ரி பொறுக்கிட்டு இருக்கா."

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"போயிட்டாருடா" என்றாள் அம்மா. "காபி போடப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள. உயிர் வெளிய போகட்டும்னு ஜன்னலத் திறந்து வச்சிருக்கேன்."

ஊல்லேயின் காதில் காட்டுக் கொசுக்களின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

"அவகிட்ட என்னம்மா சொல்ல?"

"நீதானே அங்க இருக்க. நீயே பாத்துக்க."

பாட்டில் பெட்டியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நின்றான். சொன்னால் அவள் நின்றுவிடுவாள். சொல்லாவிட்டால், செத்துப்போன அப்பாவுக்காகச் சிரித்தபடி ஓட்டிக்கொண்டிருப்பாள். எது பாவம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இன்னொன்றும் உள்ளே கிடந்தது, அதுதான் அசிங்கம். ஒரு தடவையாவது வீட்டுக்காக இவள் நிற்கட்டுமே என்று ஒரு மூலையில் ஆசையாக இருந்தது. அந்த ஆசையைப் பார்த்து அவனுக்கே வெட்கமாகிவிட்டது. சொல்லக் கூடாது என்று முடிவு செய்தான்.

மரங்களுக்கிடையே நீலத் தலைக்கவசம் தெரிந்தது. ஊல்லே கையை நீட்டினான். வாயைக் கட்டிவிட்டான், விரலைக் கட்ட முடியவில்லை. பாட்டிலின் நடுவைக் கெட்டியாகப் பற்றியிருந்தான்.

அவள் கை வந்து மோதியது. பாட்டில் அவனை விட்டு வரவில்லை. சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பாட்டில் துள்ளிப் புல்லுக்குள் விழுந்தது.

"என்னடா நீ..."

திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் கால்கள் சுற்றுவதை நிறுத்தின. சைக்கிள் கயிற்றின் முடிவுவரை தானாக உருண்டு போனது. நிற்கப் போகிறாள் என்று ஊல்லே நினைத்தான். நில்லு என்றும், போ என்றும் ஒரே நேரத்தில் மனம் அடித்துக்கொண்டது. மேட்டின் அடிவாரத்தில் அவள் எழுந்து நின்று மிதித்தாள்.

ஸ்டூரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் திட்டவே இல்லை.

கடைசிச் சுற்றில் யாரும் தண்ணீர் வாங்குவதில்லை. மற்றவர்கள் முடிவுக் கோட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஊல்லே மட்டும் வெறுங்கையோடு நின்றான். அவள் தலை நிமிராமல் கடந்து போனாள்.

நாலாவது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டிக்கொண்டேயிருந்தது. பூச்செண்டோடு யாரோ அவளைத் தேடினார்கள். அவளோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முகமெல்லாம் சேறாக, கயிற்றோரமாகவே திரும்பி வந்தாள்.

"எப்போ?"

"மூணாவது சுத்துல. அம்மா காபி போடப் போயிருந்தாளாம்."

அவள் சைக்கிளை மரத்தில் சாய்த்தாள். சாய்க்கும்போது கை வழுக்கி அது விழுந்தது. எடுக்கவில்லை.

"நான் நின்னிருக்கணுமாடா?"

"தெரியல" என்றான். "எனக்கு நெஜமாவே தெரியல, வெண்டெலா."

அவள் மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. அதை அவள் மறைக்கவில்லை. பிறகு, "அந்தப் பாட்டில் எங்க?" என்றாள்.

"இங்கதான் எங்கயோ விழுந்துச்சு."

பந்தயம் முடிந்ததும் அப்பா செய்கிற வேலை அது. எறிந்த பாட்டில் ஒன்றையும் விடமாட்டார். இருவரும் குனிந்து புல்லை விலக்கித் தேடினார்கள். நெருஞ்சி மாதிரி ஏதோ குத்தியது. வேறு யார் யாருடைய பாட்டிலோ கிடைத்தது. கடைசியில் ஒரு பாறை இடுக்கில் அவள் கைக்கு அகப்பட்டது. அடிபட்டு நெளிந்திருந்தாலும் மூடி திறக்கவில்லை.

பல்லால் மூடியை இழுத்து ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு ஜாஸ்தி" என்று அவனிடம் நீட்டினாள். இரண்டு விரலால், மூடியைப் பிடித்து.

ஊல்லே வாங்கிக் குடித்தான். நாக்கு கரித்தது. மிச்சத்தைக் கொட்டாமல், மூடியை அழுத்திக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான்.