விலை எழுத ஆள் வராத திங்கட்கிழமை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கட்டுரையாகப் பிறக்க வேண்டியது. சர்க்கார் பிடித்துவைத்திருந்த விலையைச் சந்தையின் கையில் விட்டால், ஊர் ஆட்டம் காணாமல் இருப்பது எப்படி என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. சரி, ஒரு கடையைத் திறந்து பார்ப்போம் என்று

2

காரைக்கால், தலத்தெரு, ஐம்பத்தைந்தாம் வருஷம். இளவெயிலில் சலோமி தன் அரிசிக் கடையை…

(வேண்டாம். வெயில் எல்லாக் கதையிலும் அடிக்கிறது.)

சலோமி கடையைத் திறந்தாள், வியாபாரத்தைத் தொடங்கவில்லை. திங்கட்கிழமைதோறும் கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீஸின் பியூன் வந்து வாசல் பலகையில் விலை எழுதிவிட்டுப் போவார். அதன் பிறகுதான் அவள் அரிசி அளக்கிற படியைத் தொடுவாள். இன்று அவர் வரவில்லை. இனி வரவும் மாட்டார், விலைக் கட்டுப்பாடு போய்விட்டது. (எந்தத் தேதியில் என்று சரித்திரத்தைப் புரட்டாதீர்கள். கதைக்காக நானே எடுத்துவிட்டேன்.)

வரிசையில் நின்றவர்களும் பலகையையே பார்த்தார்கள்.

"என்னம்மா, படி என்ன விலை?" என்றார் முன்னால் நின்ற செல்லையன்.

"எழுதலையேங்க. நான் எப்படிச் சொல்றது?"

3

மொத்த வியாபாரி மதார் சாகிப்பைக் கெட்டவராக்கினால் கதை சுலபமாக முடியும். ஆக்கிப் பார்த்தேன், மனுஷர் ஒத்துழைக்கவில்லை.

"இருக்கிற மூட்டையெல்லாம் ஒன்றரை மடங்கு விலைக்கு நானே எடுத்துக்கிறேன், சலோமியம்மா. இனிமே சர்க்கார் அரிசி அனுப்பாது. அடுத்த சரக்கை நீங்கதான் வெளில வாங்கணும். பழைய விலைக்கு வித்தீங்கன்னா கடை தாங்காது. அல்லா அறிய, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது சரிதான். அதனால்தான் சலோமி இருக்கிற மூட்டைகளை மறுபடியும் எண்ணினாள். புருஷன் போன பிறகு அவளுக்கு இந்தக் கடையை விட்டால் வேறு கதியில்லை. விலையை ஏற்றினாலோ, நாளைக்கு இன்னும் ஏறும் என்று பயந்து வசதியுள்ளவர்கள் இன்றே அள்ளிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

4

முடிவு ஒன்று: மூட்டைகள் சாகிப்பின் வண்டியில் ஏறுகின்றன. செல்லையன் வெறும் பையோடு…

(கை வரவில்லை.)

முடிவு இரண்டு: பழைய விலைக்கே விற்கிறாள், ஊர் வாழ்த்துகிறது. கடை மூடின பிறகு அந்த ஊர் எங்கே போய் அரிசி வாங்குமாம்? அடித்துவிட்டேன்.

என் கட்டுரையில் இதற்குப் 'படிப்படியாக' என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தேன். அதைச் சலோமியிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது.

5

கடைசியில் சலோமியே எழுந்தாள்.

"நான் சொன்னா அநியாயம்பீங்க. சாகிப் சொன்னா கொள்ளைம்பீங்க. வாங்குறவங்களே சொல்லுங்க."

செல்லையன் நைசாக ஒதுங்கிக்கொண்டார். இப்போது வரிசையில் முதல் ஆள் நீங்கள்தான். ஆமாம், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இவ்வளவு நேரம் சும்மா வேடிக்கை பார்த்தீர்களே, நீங்கள்தான். உங்கள் வீட்டிலும் உலை கொதிக்கிறது. பின்னால் நிற்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வாயைத் திறந்து சொல்வதுதான் அவர்களுக்கும் விலை.

சலோமி படி நிறைய அரிசியை அள்ளி உங்கள் முன்னால் நீட்டுகிறாள்.

"சொல்லுங்க, இதுக்கு என்ன தருவீங்க?"