கண்ணாடியக்காவின் தாள்

எழுத்து வகுப்பின் முதல் நாள் டீச்சர் கொடுத்தது சுலபமான வேலைதான். அவரவர் பையில் இருக்கிற ஒரு பொருளைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். காலை ஷிஃப்ட் முடித்து, தலையெல்லாம் சாக்குத் தூசியோடு கிடங்கின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முனகிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று தாள் படித்ததும் டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் சில தாள் போனதும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லார் பையிலும் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது. எல்லாமே பச்சை நிறம். எல்லாவற்றுக்கும் மூடி உடைந்திருந்தது.

"ஏண்ணே, நீங்க கண்ணாடியே போடலையே?" என்று ஒட்டகத்திடம் கேட்டாள்.

ஒட்டகம் மூட்டை தூக்குகிறவன். உயரத்தைப் பார்த்து வைத்த பெயர். அவன் கூச்சப்படவில்லை. "கண்ணாடியக்கா எழுதுச்சு டீச்சர். படிக்க நல்லாயிருந்துச்சு. நானும் எழுதிட்டேன்."

"என் பையில வேற என்ன இருக்கு, காலி டப்பாதான்," என்றாள் பின்வரிசையில் இருந்த ரேடியோ. அவள் வாய் ஓயாது என்பதால் ரேடியோ. "அதப்பத்தி எழுதுனா நீங்க மார்க் போடுவீங்களா?"

"அதத்தான்க்கா எழுதணும்."

கண்ணாடியக்காவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். கிழிந்த சாக்குகளைத் தைக்கும் பெண்களில் அவள் மூத்தவள். எட்டாவது வரை படித்தவள் அங்கே அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரிச் சீட்டானாலும், பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பமானாலும் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். கம்பெனி எதற்காகவோ இந்த வகுப்பைத் தொடங்கியபோது, அவள் பக்கத்தில் உட்காரத்தான் அடிதடி நடந்தது. ஒட்டகம் ஜெயித்தான். அவன் கழுத்து நீளம். எங்கே உட்கார்ந்தாலும் அவள் தாள் அவனுக்குத் தெரியும்.

டீச்சர் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தாள். இரண்டு பேரை முதுகோடு முதுகு உட்கார வைத்து, ஒருவர் படத்தைப் பார்த்து எழுதியதை வைத்து மற்றவர் வரைய வேண்டும் என்றாள். ரேடியோ எழுதிக் கொடுத்த பசுவை ஒட்டகம் வரைந்தபோது அதற்கு ஒரு காலும் இல்லை. "நீ காலு எழுதவே இல்லையே." "பசுன்னா காலு இருக்கும்னு தெரியாதா ஒனக்கு? தனியா வேற சொல்லணுமா?" கூடமே குலுங்கிச் சிரித்தது. ஆனாலும் தனியாக எழுத வேண்டிய நாளில், எப்படியோ, எல்லாத் தாளும் கண்ணாடியக்காவின் தாளாகத்தான் வந்து சேர்ந்தது.

ஒரு நாள் வகுப்பு தொடங்கும்போது வாட்ச்மேன் விறுவிறுவென்று உள்ளே வந்தான். டீச்சரிடம் ஏதோ சொன்னான், எதையோ எடுத்தான், போய்விட்டான். "இப்ப நடந்தத எழுதுங்க," என்றாள் டீச்சர்.

கண்ணாடியக்கா அந்த நேரம் மேசைக்கடியில் விழுந்த பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கியபோது வாட்ச்மேனின் முதுகுதான் தெரிந்தது. ஆனால் சுற்றிலும் எல்லாக் கண்ணும் அவள் தாள்மேல் இருந்தன. வெறும் தாளை எப்படி வைத்திருப்பது? எழுதினாள். வாட்ச்மேன் கோபமாக வந்தான் என்றும், மேசைமேல் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு திட்டிக்கொண்டே போனான் என்றும், அவன் செருப்பு தேய்ந்த சத்தத்தைக்கூட விடாமல் அழகாக எழுதினாள்.

டீச்சர் தாள்களை வாங்கிப் படித்துவிட்டு மேசையைக் காட்டினாள். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். அவன் டீச்சரின் குடையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றான்.

"ஒருத்தர்கூடவா குடையப் பாக்கல?"

"நான் பாத்தேன்," என்றாள் ரேடியோ. "குடைன்னுதான் மொதல்ல எழுதுனேன். அக்கா டம்ளர்னு எழுதியிருந்துச்சு. சரி, அக்காவுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போவுதுன்னு அடிச்சிட்டேன்."

டீச்சர் ரேடியோவின் தாளைத் தேடி எடுத்துத் தூக்கிக் காட்டினாள். குடை என்ற சொல்லின்மேல் தடிமனாக ஒரு கோடு. பார்த்தால் இன்னும் நாலைந்து தாள்களில் அதே கோடு.

யாரும் கண்ணாடியக்காவைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. டீச்சர் கரும்பலகையில் எழுதினாள்: எங்கே நின்றேன், எதைக் கண்டேன், எதைக் கேட்டேன். "நெனச்சத இன்னொரு தாள்ல எழுதுங்க. இதுல கலக்காதீங்க," என்றாள். வகுப்பு முடிந்ததும் வாசலில் கண்ணாடியக்காவை நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க எழுதுறது நல்லாயிருக்கு. அதுதான் இங்க தொந்தரவே."

மகள் வயசுப் பெண் சொல்லி இப்படி மூஞ்சி சிவந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று, அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கண்ணாடியக்கா தனக்குத்தானே பொருமிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் வகுப்பு நடக்கவில்லை. அடுக்கி வைத்த மூட்டைகள் சரிந்து ஒட்டகத்தின் மேல் விழுந்தன. மூட்டைகளை இழுத்துப் போட்டு அவனை வெளியே எடுத்தபோது வலது கால் முறிந்து வேறு பக்கம் திரும்பியிருந்தது. கத்தக்கூடத் தெம்பில்லாமல், "செருப்பு, என் செருப்பு," என்று முனகிக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டியில் போனான்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் தைக்கும் பெண்களையும் மூட்டைக்காரர்களையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து கொண்டிருக்கிறாளாம். நடந்ததை ஒவ்வொருவரும் கைப்பட எழுதி அந்த அம்மாவிடம் நேராகக் கொடுக்க வேண்டுமாம். தப்பு ஒட்டகத்தின் மேல் என்று ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் கிடையாது, வேலையும் கிடையாது. இது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

சூப்பர்வைசர் கண்ணாடியக்காவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அவன் சொல்பேச்சு கேக்காம அடுக்குமேல ஏறுனான். சரிஞ்சுது. அவ்வளவுதான். நீ எழுது, மத்தவங்க ஒன்னப் பாத்து எழுதிக்கிடுவாங்க. வகுப்புல நடக்குறதுதானே?"

"நான் அப்ப செவுத்தப் பாத்து உக்காந்து தச்சுக்கிட்டிருந்தேன் சார். பாக்கலயே."

"பாக்காம எழுத ஒனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். வாட்ச்மேன் கதை கிடங்கு முழுக்கப் பரவியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரசீது மேசைக்கு ஆள் கேட்டிருக்காங்க. ஒன் பேரத்தான் சொல்லியிருக்கேன்."

கண்ணாடியக்கா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கோணி ஊசியைக் குத்தி இழுத்து இழுத்து அது வீங்கிப் போயிருந்தது. காலையில் எழுந்தால் தலை பின்னக்கூட விரல் மடங்குவதில்லை. ரசீது மேசைக்கு மேலே மின்விசிறி உண்டு. நாற்காலிக்குச் சாய்மானம் உண்டு. அந்த நாற்காலியை அவள் எத்தனையோ தடவை கண்ணாலேயே உட்கார்ந்து பார்த்தவள்.

வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்லார் முன்னாலும் வெள்ளைத்தாள். எல்லாக் கண்ணும் அவள் பேனாமேல்.

ஒட்டகத்தின் மேல் பழி போட அவள் கை வராது. அது அவளுக்கு உட்காரும்போதே தெரிந்துவிட்டது. பொய் எழுதாமல், யார் வம்புக்கும் போகாமல் தப்பிக்க ஒரு வரி இருந்தது. எழுதினாள்: 'நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எதையும் பார்க்கவில்லை.' உண்மைதான். இதைக் கொடுத்தால் சூப்பர்வைசராலும் ஒன்றும் சொல்ல முடியாது. பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பினாள்.

பக்கத்தில் ரேடியோ எழுதிக்கொண்டிருந்தாள். 'நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.'

ரேடியோ எங்கே சுவரைப் பார்த்தாள்? சரிந்த அடுக்குக்கு நேர் எதிரே நின்று நூல் வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். அவளுக்கு அப்பால் இன்னொருத்தி, அவளும் சுவர். மூட்டைக்காரர்கள்கூடச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணாடியக்காவுடைய அந்த ஒரு உண்மை வரி, மேசையில் ஆள் ஆளாகத் தாவிப் போய், கண்ணிருந்தவர்களையெல்லாம் குருடாக்கிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் ஒட்டகம் விழுந்ததை உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

தாளைச் சட்டென்று மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, காட்டு. மேல என்ன?" என்றாள் ரேடியோ.

"காட்ட மாட்டேன்."

"வெளையாடாதக்கா. அந்தம்மா வந்துரும்."

"நீ எங்கடி நின்ன?"

"எங்க நின்னேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியல. எல்லாரும் வேற தாள் எடுங்க. அவங்கவங்க எங்க நின்னீங்களோ அத எழுதுங்க. என் முதுகுல கண்ணு இல்ல."

"பெரிய டீச்சர் ஆயிட்டா," என்று ஒருத்தன் முணுமுணுத்தான். இன்னொருத்தி, "நமக்கெதுக்கு வம்பு, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு," என்று பழைய தாளையே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். கண்ணாடியக்கா அவளைத் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது? அவளே ஒரு நிமிஷம் முன்னால் அதே சுவருக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தாள்.

தன் தாளைப் பிரித்தாள். பார்க்கவில்லை என்பதற்குக் கீழே பேனாவை வைத்தாள். சரிவதற்கு முன்னால் அவள் காதில் விழுந்தது ஒன்று இருந்தது. அதை அந்தக் குரலில், அந்தச் சொல்லிலேயே எழுதினாள். 'இடமில்லைன்னா மேல போடுடா, ஏறுடா மேல' என்று சூப்பர்வைசர் கத்தியதைக் கேட்டேன். அதன் பிறகு மூட்டை விழும் சத்தம். கடைசி வரியை எழுதும்போது, மனசுக்குள் சுழன்றுகொண்டிருந்த ரசீது மேசை மின்விசிறி நின்றுவிட்டது அவளுக்குத் தெரிந்தது. அலங்காரமாக ஒரு சொல்கூட அந்தத் தாளில் இல்லை. அவள் எழுதியதிலேயே மட்டமான எழுத்து அதுதான்.

ரேடியோ பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "அக்கா, அவரு கத்துனதையும் எழுதணுமா?" என்றாள்.

"கேட்டியா?"

"ஏறுடான்னு கைய நீட்டுனத பாக்கவே பாத்தேனே."

"அப்ப எழுது."

வாசலில் கார் வந்து நின்றது. சூப்பர்வைசர் வேகமாக உள்ளே வந்து, "முடிஞ்சுதா? குடுங்க குடுங்க, நானே சேத்துக் குடுக்கறேன்," என்று மேசையோரமாகத் தாள்களை வாங்கத் தொடங்கினார். முதல் தாளில் அவர் கண் ஓடியது. அப்படியே நின்றார். அடுத்த தாளைப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி இல்லை. நிமிர்ந்து கண்ணாடியக்காவைப் பார்த்தார். அவள் தன் தாளை அவரிடம் நீட்டவில்லை. வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை நோக்கி நடந்தாள். பின்னாலேயே ஒருவர் இருவராக எழுந்தார்கள்.

சூப்பர்வைசர் ரேடியோவின் தாளில் கையை வைத்தார்.

அவள் இரண்டு முழங்கையையும் தாள்மேல் ஊன்றிக்கொண்டாள். "கைய எடுங்க சார்," என்றாள். "இப்பதான் அவன் ஏறுற எடத்துக்கு வந்திருக்கேன்."