கண்ணாடியில் தட்டுகிறவள்

செத்தவர்கள் திரும்பி வருவார்களா என்று மனிதகுலத்தை நெடுங்காலமாக வாட்டிவந்த கேள்விக்கு இறுதியான, ஐயத்துக்கு இடமற்ற விடை கிடைத்துவிட்டது என்பதைச் சகலருக்கும் தெரிவித்துக்கொள்கிறோம். வருவார்கள். சாயங்காலம், இருட்டுகிற நேரத்தில், மீன்தொட்டிப் பக்கமாக.

இதைக் கண்டுபிடித்தவர் லேசுப்பட்ட ஆளில்லை. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் துணைப் பொதுமேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கையெழுத்தில்லாமல் அந்தக் கட்டடத்தில் ஒரு மின்விசிறிகூடச் சுற்றியதில்லை. பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "ஆதாரம் இருக்கா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார். இப்போது ஆதாரம் அவர் வீட்டுக் கூடத்திலேயே தட்டியது. டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக்.

மனைவி இருந்தவரை தினமும் கேட்ட சத்தம்தான். அவர் உள்ளறையில் செய்தித்தாளுக்குள் தலையை விட்டிருப்பார். கூடத்தில் கண்ணாடியைத் தட்டுவது கேட்கும். மீன் பார்க்கக் கூப்பிடுகிறாள். "இதோ வந்துட்டேன்" என்பார். தாளைப் புரட்டுவார். அத்தோடு சரி.

அவள் போய், வந்த உறவெல்லாம் கலைந்து, வீடு வெறிச்சோடிக் கிடந்த ஒரு சாயங்காலம் அதே சத்தம். மனிதர் செய்தித்தாளைப் போட்டுவிட்டு எழுந்தார். இந்தத் தடவை வந்துட்டேன் என்று சொல்லவில்லை, வந்தேவிட்டார்.

தொட்டிக்கு முன்னால் யாருமில்லை. உள்ளே கப்பி, டெட்ரா என்று குட்டி மீன்கள் அலைந்துகொண்டிருந்தன. நண்டின் கொடுக்கைக் கழற்றி இறாலுக்கு மாட்டிவிட்டது போன்ற அந்த நீலக் கிரேஃபிஷ், அவர் நிழல் பட்டதும் பின்பக்கமாக நகர்ந்து பாறைக்கு அடியில் மறைந்தது. மீன்களோடு இதைப் போடாதீங்கம்மா என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல் அவள் வாங்கிவந்தது.

அன்றிலிருந்து சாயங்காலமானால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் ஒப்பித்தார். குழாய் ஒழுகுவது, மாடிவீட்டுக்காரன் முறைப்பது, தூக்கம் வராதது. உயிரோடிருந்தவளிடம் இவ்வளவு பேசியிருந்தால் அவளே பயந்துபோயிருப்பாள்.

ஆனால் மீன்கள் குறைந்தன. காலையில் பார்த்தால் வடிகட்டியில் ஒரு வால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். துணைப் பொதுமேலாளர் யோசித்தார். ஒவ்வொன்றாக அழைத்துப்போகிறாள், மீன் தீர்ந்ததும் தன் முறை. பயப்படவில்லை. சொல்லப்போனால், வரிசையில் கப்பிக்குப் பின்னால் வைத்துவிட்டாளே என்று சின்ன மனக்குறைதான். போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் சில நாள் தங்கிப்போக மச்சினி வந்தாள், மனைவியின் தங்கை. நர்ஸ் வேலை, பேச்சும் ஊசி மாதிரிதான் இருக்கும்.

"என்ன அத்தான், தொட்டி பாதி காலியாக் கிடக்கு?"

"உங்க அக்காதான் கூட்டிட்டுப் போறா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தினம் வந்து தட்டுறா. சிரிக்காதே. இப்ப கேளு."

டொக். டொக் டொக்.

மச்சினி சிரிக்கவில்லை. ஒரு கணம் அவள் முகமும் வெளுத்தது. பிறகு செல்போன் வெளிச்சத்தைத் தொட்டியின் மூலைக்குத் திருப்பினாள். கிரேஃபிஷ் கண்ணாடியோடு ஒட்டி நின்று கொடுக்கால் இடித்துக்கொண்டிருந்தது.

"பசிக்குது அதுக்கு. என்ன தீனி போடுறீங்க?"

"பொடி தூவுறேனே."

"அது மேலயே மிதக்கும், மீனுங்க தின்னு தீத்துடும். இதுக்கு அடியில போய் விழுற உருண்டை போடணும் அத்தான். வயிறு நிறைஞ்சா தன் வேலையைப் பாக்கும், இல்லன்னா மீனைப் புடிக்கும். அக்கா தினம் இதே நேரத்துக்குப் போடுவா. டப்பா கீழ அலமாரியில இருக்குமே, தொறந்தே பாக்கலையா?"

அந்த அலமாரி அவர் நிர்வாகத்தின் கீழ் வந்ததில்லை.

"சரி, இப்ப இது தட்டுது," என்றார். "அவ இருக்கும்போது அவதானே தட்டுவா? என்னைக் கூப்பிட?"

மச்சினி டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "அக்கா எதுக்கு உங்களைக் கூப்பிடப்போறா? கூப்பிட்டா வர்ற ஆளா நீங்க? அதையெல்லாம் அவ விட்டு எவ்வளவோ வருஷமாச்சு அத்தான்."

உருண்டைகள் மூழ்கின. தட்டல் நின்றது. காற்றுக்குழாயின் குமிழிச் சத்தம் மட்டும் கூடத்தில் மிஞ்சியது.

மறுநாள் மச்சினி வேலைக்குப் போயிருந்தாள். இருட்டியதும் டொக் என்றது. அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டொக் டொக். மூடியைத் திறக்கவில்லை. பசியோ என்னவோ, இந்த வீட்டில் அவரைக் கூப்பிட வேறு சத்தமில்லை. மனைவி ஆசையாக வளர்த்த டெட்ரா ஒன்று, விவரம் தெரியாமல், மூலைப் பக்கமாக இறங்கியது. தட்டல் நின்றது. கொடுக்கு மெல்ல விரிந்தது.

அவர் எழுந்து இரண்டு உருண்டைகளைப் போட்டார்.

அதற்குப் பிறகு மீன் எதுவும் குறையவில்லை.