ஒட்ட வெட்டிய கவுன்

மூச்சை இழுத்துப் பிடித்தால் இடுப்பில் ஒன்றரை அங்குலம் போய்விடும். இருபது எண்ணுவதற்குள் அம்மா டேப்பை எடுத்துவிடுவாள். யாருக்கும் தெரியாது.

போன மாதம் அம்மா அளவெடுத்தபோது அவள் இப்படி நினைத்தாள், நினைத்தபடியே செய்தாள். இப்போது பாட்டுக் குழுவுக்குத் தைத்த நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டு ஜிப் பாதியில் நிற்க, அம்மாவின் தையல் கடைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். வெளியே போக மனமில்லை. உள்ளேயும் நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். திரையிலிருந்த பூக்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள்.

பள்ளியின் பாட்டுக் குழுவில் பன்னிரண்டு பெண்கள். எல்லோருக்கும் அம்மாதான் தைத்தாள். காலையிலேயே பதினோரு பேர் வந்து போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றி, வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தையற்காரியின் மகளுக்கு மட்டும் சேரவில்லை.

அம்மா திரையை விலக்கி ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். ஒரு மாதத்தில் இவ்வளவு எங்கிருந்து ஏறியது என்று கேட்டாள். பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த, கடையில் உதவிக்கு இருக்கும் அக்கா, துணி சுருங்கியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். தண்ணீரே படாத துணி எப்படிச் சுருங்கும் என்று அவளுக்கும் ஒரு திட்டு விழுந்தது.

அக்கா விடவில்லை. "பக்கத்துல கொஞ்சம் பிரிச்சு விட்டா ஆச்சு."

மகள் ஜிப் திறந்திருந்த பக்கம் கவுனின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

யாருக்குத் தைத்தாலும் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் துணியை மடித்து விடுவது அம்மாவின் வழக்கம். உடம்பு என்றால் ஏறும், இறங்கும், அதை நாம் ஏன் கேள்வி கேட்கணும் என்பாள். மகளின் கவுனில் அது இல்லை. தையலை ஒட்டி வெட்டியிருந்தாள். இடம் விட்டால் உடம்பு அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று ஒரு பயம், மகள் விஷயத்தில் மட்டும். நீலத் துணியில் மிச்சமும் இல்லை.

மகள் துணியை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அளவெடுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்மா."

"எதுக்குடி?"

"நீ முகத்தைச் சுளிப்பியேன்னு."

அம்மா டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வழி சொன்னாள். நிகழ்ச்சிக்கு இன்னும் ஐந்து நாள். காலையில் மட்டும் சாப்பிட்டால் போதும், மற்ற வேளைக்கு வெந்நீர். தன்னால் இறங்கிவிடும். துணைக்கு அம்மாவும் பட்டினி இருப்பாள்.

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அம்மா அன்பாகச் சொன்னாள். அதைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பரீட்சை சமயத்தில் மகள் ஏற்கெனவே அப்படி மூன்று நாள் இருந்து பார்த்தவள். மூன்றாம் நாள் பள்ளிப் படிக்கட்டில் கண் இருட்டி விழுந்தாள். வீட்டில் கால் வழுக்கியதாகச் சொன்னாள். பள்ளி நர்ஸம்மா மட்டும் பிடித்து உட்கார வைத்து, மூன்று வேளையும் சாப்பிடு, நட, நேரத்துக்குத் தூங்கு, எடை பார்க்கும் மெஷின் பக்கமே போகாதே என்றாள். அன்றிலிருந்து இரண்டு மாதமாகப் பஸ்ஸை விட்டுவிட்டு நடக்கிறாள். போனை ஓரம் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள். படுத்ததும் தூக்கம் வருகிறது. நான்கு மாடி ஏறியும் இளைப்பதில்லை. பாட்டின் நீளமான வரியை நடுவில் வெட்டாமல் பாட முடிகிறது. இதில் எதுவும் டேப்பில் தெரியாது. இதெல்லாம் போதுமா என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும்.

மத்தியானம் ஆகிவிட்டது. கவுனை மடித்து வைத்துவிட்டு வந்தபோது, துணி வெட்டும் மேஜையில் மூன்று சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. அக்கா தன்னுடையதைத் திறந்துகொண்டு வேறெங்கோ பார்த்தாள். அம்மா தன் டப்பாவை மூடியே வைத்திருந்தாள். மகளுடையதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அஞ்சே நாள்டா, குண்டுமணி. அம்மாவுக்காக."

அம்மாவுக்காக என்றால் அவள் எதுவும் செய்வாள். அம்மா பக்கம் இருந்த இரண்டு டப்பாக்களையும் பார்த்தாள்.

"மாட்டேன்மா. கவுன் சேரலன்னா சேராம போகட்டும். நான் பழைய டிரஸ்ஸப் போட்டுக்கிட்டுப் பின்னாடி நின்னு பாடறேன்."

கையை நீட்டி, தன் டப்பாவை எடுத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.